கொம்பியூட்டரிலிருந்து ரீவிக்கு: சிம்ஸ் குடும்பத்தைக் குடியேற்ற ஒரு முழு வழிகாட்டி

போன மார்கழியில் கனடாவின் ஸ்காபரோவிலிருந்து தங்கச்சி வீட்டுக்கு ஒரு பெட்டி வந்தது. சொக்லேட், உடுப்பு, அம்மாவின் முழங்கால் நோவுக்கு ஒரு தைலம். எல்லாவற்றுக்கும் அடியில், துவாய் சுற்றினபடி ஒரு பிளேஸ்டேஷன் 4 ஸ்லிம், ரீவியில் கொழுவி விளையாடுகிற கொன்சோல். மருமகள் இரண்டு வருசமாக லப்டொப்பில் சிம்ஸ் 4 விளையாடுகிறவள்: சிம் என்கிற ஆட்களை உருவாக்கி, வீடு கட்டிக் குடும்பம் நடத்துகிற விளையாட்டு. அந்த லப்டொப்பின் காற்றாடி போடுகிற சத்தத்துக்குச் சந்தியிலுள்ள மா மில்லே தோற்றுப்போகும். புதுப் பெட்டியை ரீவியில் கொழுவி, விளையாட்டை இறக்கித் தொடங்கின பத்தாவது நிமிசம் கேட்டாள்: "மாமா, இதில என்ர வீட்டைக் காணேல்லை. எங்க போட்டுது?"

எங்கேயும் போகவில்லை. லப்டொப்பிலேயே இருக்கிறது. கணினியில் சேமித்த சிம்ஸ் 4 ஆட்டத்தைக் கொன்சோலில் திறக்க முடியாது. கணினிக்கு வாங்கின மேலதிகப் பொதிகளும் (விளையாட்டுக்குப் புதுப் பொருளும் வசதியும் சேர்க்கிறவை) கொன்சோலுக்குச் செல்லாது, அங்கே திரும்ப வாங்கத்தான் வேண்டும். ஆனால் வீட்டையும் குடும்பத்தையும் கொண்டுவர ஒரு வழி உண்டு. கை பழகுவதற்கும் ஒரு ஒழுங்கு உண்டு. கொக்குவிலில் ஒரு ஹோலுக்குள் நாங்கள் தட்டுத் தடுமாறிக் கற்றதை ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

கொழுவுவதற்கு முன்

வெளிநாட்டுப் பெட்டி என்றால் முதலில் பின்பக்கத்தைத் திருப்பி லேபிளைப் படியுங்கள். 100–240 வோல்ட் என்று இருந்தால் எங்களுடைய 230 வோல்ட்டில் நேரே கொழுவலாம். 120 என்று மட்டும் இருந்தால் ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர் இல்லாமல் தொடவேண்டாம். கனடாத் தட்டை பிளக்குக்கு அடப்டர் தேடி அலையவும் தேவையில்லை. ஸ்லிம்முக்குப் போகிற வயர், பழைய ரேடியோ கசெட்டுக்குக் கொழுவுகிற அதே எட்டு வடிவ வயர். எங்கள் பிளக்கோடு எந்த எலக்ரிக் கடையிலும் கிடைக்கும்.

வைக்கிற இடம் அடுத்தது. எங்கள் வீடுகளில் ரீவிக்குக் கீழே கண்ணாடிக் கதவு போட்ட சோகேஸ் இருக்கும். பொம்மையும் பரிசுக் கோப்பையும் இருக்கிற அந்தத் தட்டில் கொன்சோலையும் வைத்துக் கதவைச் சாத்துவது அதை அவிக்கிற வேலை. வெளியில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். செம்மண் புழுதிக்குத் துணி போட்டு மூடுவதென்றால் நிற்பாட்டின பிறகு மட்டும் மூடுங்கள்.

கரண்ட். 2022 இல் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நாட்களைப் பார்த்த எங்களுக்கு இதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. லப்டொப்பில் விளையாடினபோது பற்றரி காப்பாற்றியது. கொன்சோலுக்குப் பற்றரி இல்லை. லப்டொப்பை விட்டு வரும்போது நாங்கள் யோசிக்காமல் விட்ட பெரிய இழப்பு இதுதான். ஸ்லிம்மின் உச்ச மின்தேவை 165 வாட், பிளேஸ்டேஷன் 4 ப்ரோவினுடையது 310 வாட். கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற 650 விஏ யூபிஎஸ் சுமார் 360 வாட் தாங்கும். ஸ்லிம்மையும் ஒரு சின்ன எல்ஈடி ரீவியையும் அதில் கொழுவினால், கரண்ட் போனதும் சேவ் பண்ணி ஒழுங்காக நிற்பாட்ட நேரம் கிடைக்கும். தொடர்ந்து விளையாட அல்ல, நிற்பாட்ட மட்டும்.

நாங்கள் யூபிஎஸ் வாங்கினது மூன்றாம் கிழமையில். இரண்டாம் கிழமையில் மருமகளின் சிம்முக்குக் கல்யாணம். மோதிரம் மாற்றி முடிய, கேக் வெட்டுகிற நேரம் பார்த்துக் கரண்ட் போனது. திரும்ப வந்தபோது சிம் தனிக்கட்டை. அவள் இரண்டு நாள் ரீவிப் பக்கம் வரவில்லை.

கணக்கும் நாடும்

பிளேஸ்டேஷன் கணக்குத் திறக்கும்போது நாட்டைத் தெரிவு செய்யச் சொல்லும். அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை. பெட்டி அனுப்பின உறவினர் தன் நாட்டுக் கணக்கைக் கொன்சோலில் ஏற்றித் தருவதுதான் எங்கள் பக்கத்தில் நடக்கிற சீரான வழி. அப்படியானால் ஒன்றை மறக்கவேண்டாம்: மேலதிகப் பொதிகளும் பணக் கார்டும் அந்த நாட்டுக் கடையினதாகவே இருக்கவேண்டும். டிஸ்க் வாங்கினாலும் அதே கதை. நான் டவுனில் ஒரு கடையில் மலிவாக ஒரு டிஸ்க் வாங்கினேன், ஐரோப்பியப் பதிப்பு. கணக்கு கனடாவினது. விளையாட்டு ஓடியது, ஆனால் கனடாக் கடையில் வாங்கின பொதி அந்த டிஸ்க்கோடு சேரவில்லை. கடைக்காரரிடம் போனால், "தம்பி, டிஸ்க் ஓடுதுதானே?" என்றார். ஓடத்தான் செய்தது, அதற்கு மேல் நான் என்ன சொல்ல.

உண்மையில் அந்த டிஸ்க்கே வீண் செலவு. 2022 ஒக்டோபர் 18 முதல் சிம்ஸ் 4 இன் அடிப்படை விளையாட்டு கணினியிலும் கொன்சோலிலும் இலவசம். கணக்கில் ஏறி இறக்கினால் போதும். இறக்கம் பெரியது. உங்கள் இன்டர்நெற் பொதியில் இரவு டேட்டா தனியாக இருந்தால், ரெஸ்ட் மோட் (முழுக்க நிற்காமல் உறங்குகிற நிலை) அமைப்பில் இன்டர்நெற்றோடு இணைந்திருக்கும் தெரிவைப் போட்டுவிட்டுப் படுங்கள். விடிய இறங்கியிருக்கும்.

விளையாட்டைத் திறந்ததும், அதை வெளியிடுகிற ஈஏ நிறுவனத்தின் கணக்கை இணைக்கக் கேட்கும். அவசரப்பட்டு எதையும் அமத்தவேண்டாம். வீட்டைக் கொண்டுவர வேண்டுமென்றால், லப்டொப்பில் பயன்படுத்தின அதே ஈஏ கணக்கை இணைப்பதுதான் சுலபம். ஒருமுறை பிழையாக இணைத்தால் கழற்றுவது பெரிய தலையிடி. சின்னப் பிள்ளைகளின் கணக்குகளுக்கு இணைய வசதிகள் பூட்டப்பட்டிருக்கும் என்பதையும் பாருங்கள். இந்த விளையாட்டுக்கு அமெரிக்க மதிப்பீடு 13 வயதுக்கு மேல், ஐரோப்பிய மதிப்பீடு 12.

ரீவியைச் சரிபண்ணுவது

லப்டொப் திரை முகத்திலிருந்து இரண்டடி. ரீவி எட்டு, பத்தடி. சிம்ஸ் இரண்டடித் தூரத்துக்கு எழுதின விளையாட்டு, மூலை முடுக்கெல்லாம் குட்டி எழுத்து. கதிரையை முன்னால் இழுங்கள். பிறகு ரீவியின் பட அமைப்பில் ஜஸ்ட் ஸ்கேன் அல்லது ஸ்கிரீன் ஃபிட் என்று இருக்கும், அதைப் போடுங்கள். போடாவிட்டால் பல ரீவிகள் படத்தின் ஓரத்தை வெட்டும். சிம்ஸில் காசும் நேரமும் தேவைகளும் எல்லாம் ஓரத்தில்தான். அதற்கும் சரிவராவிட்டால் பிளேஸ்டேஷனின் திரை அமைப்புகளில் காட்சிப் பரப்பைச் சுருக்கலாம். கேம் மோட் இருந்தால் அதையும் போடுங்கள். கையில் பிடிக்கிற கொன்ட்ரோலரின் குச்சியை அசைப்பதற்கும் திரையில் அசைவதற்கும் இடையிலுள்ள தாமதம் குறையும்.

வீட்டைக் கொண்டுவருவது

கொன்சோல் சிம்ஸ் 4 வெளிவந்தது 2017 நவம்பரில். கேலரி என்கிற பொதுப் பகிர்விடம் அதற்கு 2020 யூலையில்தான் வந்தது. அதற்கு முன் இடம் மாறினவர்கள் வெறுங்கையோடுதான் மாறினார்கள். இப்போது வழி இதுதான்.

லப்டொப்பில் ஆட்டத்தைத் திறந்து, கொண்டுபோகிற குடும்பத்தையும் வீட்டையும் முதலில் உங்கள் நூலகத்தில் சேமியுங்கள். குடும்பம் ஒன்று, வீடு இன்னொன்று, இரண்டையும் தனித்தனியாக. அதற்குப் பிறகு இரண்டையும் கேலரிக்கு ஏற்றிப் பகிருங்கள். பெயரை எவரும் வைக்காத மாதிரி வையுங்கள். "மை ஹவுஸ்" என்று வைத்தால் அந்தப் பெயரில் அங்கே ஒரு நகரமே இருக்கும். பிறகு கொன்சோலில் அதே ஈஏ கணக்கோடு கேலரியைத் திறந்து, உங்கள் ஈஏ பெயரால் தேடி எடுத்துக் காணியில் வையுங்கள்.

மருமகளுக்கு முதல் தடவை வீடு வந்தது, குடும்பம் வரவில்லை. காரணம் சீலை. லப்டொப்பில் இருந்தபோது யாரோ ரசிகர்கள் செய்து இணையத்தில் விட்ட காஞ்சிபுரச் சீலையை இறக்கி அம்மா சிம்முக்கு உடுத்தியிருந்தாள். இப்படி வெளியாட்கள் செய்த பொருள் கொன்சோலில் ஓடாது. அது ஒட்டியிருக்கிற குடும்பத்தையோ வீட்டையோ கொன்சோல் கேலரி எடுக்காது. ஆகவே ஏற்றுவதற்கு முன் லப்டொப்பிலேயே ஒவ்வொருவரின் அலுமாரியையும் திறந்து, நாளாந்த உடுப்பு, விழா உடுப்பு, படுக்கை உடுப்பு, குளியல் உடுப்பு என்று எல்லாவற்றையும் பார்த்து, இறக்கின பொருளைக் கழற்றவேண்டும். முடி, கண்மை, கண்ணிமை மயிர் வரை பாருங்கள். ஒன்றை விட்டாலும் திரும்பத் தொடக்கம். நாங்கள் மூன்றாம் தடவையில்தான் கண்டுபிடித்தோம்: அப்பா சிம்மின் மீசை இறக்கின மீசை.

கணினியில் இருந்த பொதி கொன்சோலில் இல்லாவிட்டால் அந்தப் பொதியின் கதிரை மேசைகள் அப்படியே வராது. குடும்பத்துக்கு வெளியே உள்ள சொந்தம், சிநேகிதம், எதிரி எவரும் வரமாட்டார். கட்டினவன் கூட வருவான், முன்னாள் காதலன் லப்டொப்பிலேயே நிற்பான். அது நல்லதுக்கு என்று தங்கச்சி சொன்னாள்.

கைக்குள் ஏன் வேறாக இருக்கிறது

கொஞ்சம் பின்னால் போகவேண்டும், இல்லாவிட்டால் கொன்ட்ரோலரின் மேல் வருகிற எரிச்சல் விளங்காது.

முதல் சிம்ஸ் கணினிக்கு வந்தது 2000 பெப்ரவரியில். அதை உருவாக்கின வில் ரைட் 1991 இல் ஓக்லாந்துத் தீயில் தன் வீட்டை இழந்து, ஒவ்வொரு சாமானாகத் திரும்ப வாங்கும்போது உதித்த எண்ணம் என்பார்கள். முழு விளையாட்டுமே மவுஸுக்காகப் பிறந்தது. சமையலறையில் ஒரு கோப்பையைத் தொட வேண்டுமா, அம்புக்குறியைக் கொண்டுபோய் ஒரு சொடுக்கு. ஆட்கள் முப்பரிமாணம், வீடும் பொருளும் நான்கு பக்கத்திலிருந்து மட்டும் பார்க்கக்கூடிய படங்கள். 233 மெகாஹேட்ஸ் ப்ரொசெசரும் 32 எம்பி நினைவகமும் இருந்த கணினியிலும் ஓடியது. 2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்த பிறகு கொழும்பிலிருந்து லொறியில் கணினிகள் வந்து இறங்கின காலம் அது.

2003 ஜனவரியில் இதைப் பிளேஸ்டேஷன் 2 க்குக் கொண்டுவந்தவர்கள் விளையாட்டை அப்படியே பெயர்க்கவில்லை. பிளேஸ்டேஷன் 2 இன் முதன்மை நினைவகமும் அதே 32 எம்பிதான், ஆனால் கையில் மவுஸ் இல்லை, ஆள் இருப்பது சோபாவில். வீட்டை முழு முப்பரிமாணமாக்கிக் கமராவைச் சுற்றவிட்டார்கள். முடிவே இல்லாத கணினி ஆட்டத்துக்கு ஒரு கதைப் பகுதி சேர்த்தார்கள்: அம்மாவின் வீட்டில் தொடங்கி, கொடுத்த வேலைகளை முடித்து, அடுத்த வீட்டுக்குக் குடிபோவது. இரண்டு பேர் திரையைப் பிரித்து விளையாடவும் வழி வைத்தார்கள். 2005 இல் வந்த சிம்ஸ் 2 இன் கொன்சோல் பதிப்பில் இன்னும் ஒரு படி போய், சிம்மைக் குச்சியால் நேரே நடத்த விட்டார்கள். குளிர்ப்பெட்டியிலிருந்து சாமான்களைச் சேர்த்துச் சமைக்கலாம். அந்தக் காலத்துக் கொன்சோல் சிம்ஸ் கணினிச் சிம்ஸின் ஒன்றுவிட்ட சகோதரம். முகம் ஒன்று, குணம் வேறு.

சிம்ஸ் 4 அந்த வழியை விட்டுவிட்டது. கணினியில் இருக்கிற அதே விளையாட்டு, அதே பட்டியல்கள், அதே அம்புக்குறி. அம்புக்குறியை இப்போது இடது குச்சி தள்ளுகிறது, வலது குச்சி பார்வையைத் திருப்புகிறது. 2003 இல் விளையாட்டு சோபாவுக்கு இறங்கி வந்தது. இப்போது சோபாவில் இருக்கிற ஆள்தான் விளையாட்டுக்கு ஏறிப் போகவேண்டும். எனக்குப் பழைய வழிதான் பிடிக்கும். ஆனால் பழைய வழியில் லப்டொப்பில் கட்டின வீட்டைக் கொண்டுவந்திருக்க முடியாது என்பதையும் ஒத்துக்கொள்ளவேண்டும்.

கையைப் பழக்குவது

முதல் விதி: நேரத்தை நிற்பாட்டிவிட்டுச் சொல்லுங்கள். நடந்துபோகிற சிம்மைக் குச்சியால் துரத்திப் பிடிப்பது கோழி பிடிக்கிற மாதிரி. நிற்பாட்டுங்கள், ஆளைத் தெரிவு செய்யுங்கள், வேலைகளை வரிசையாகக் கொடுங்கள்: குளி, சாப்பிடு, புத்தகம் படி. பிறகு ஓடவிடுங்கள். லப்டொப்பில் ஒவ்வொரு வேலையாகச் சொடுக்கிப் பழகினவர்களுக்கு இது முதலில் சோம்பல்போலத் தெரியும். மூன்று நாளில் பழகும்.

இரண்டாவது, சிம்களின் தன்னிச்சையை முழு அளவில் விடுங்கள். பசித்தால் தானே குளிர்ப்பெட்டியைத் திறக்கட்டும். ஒரே விதிவிலக்கு அடுப்பு. சமையல் திறன் குறைந்த சிம் அடுப்படியில் நின்றால் தீப்பிடிக்கலாம். நிற்பாட்டும் பொத்தானில் பெருவிரலை வைத்துக்கொண்டு பாருங்கள்.

பெரிய குடும்பத்தோடு தொடங்கவேண்டாம். எட்டுப் பேர் வரை வைக்கலாம்தான், ஆனால் குச்சியோடு பழகும்வரை இரண்டு பேர் போதும். புதுக் குடும்பம் 20,000 சிமோலியனோடு (விளையாட்டுக் காசு) தொடங்கும், ஒவ்வொரு மேலதிக ஆளுக்கும் 2,000 கூடும்.

சேவ் பண்ணுவதைக் கையே செய்யும் பழக்கமாக்குங்கள். மருமகள் இப்போது சிம் நித்திரைக்குப் போகிற ஒவ்வொரு முறையும் சேவ் பண்ணுகிறாள். இரண்டு இடத்தில் மாற்றி மாற்றி, ஒன்று கெட்டால் மற்றது இருக்கும் என்று.

கட்டுவது: நாற்சார் வீட்டில் ஒரு பயிற்சி

கட்டுகிற பகுதியில்தான் மவுஸை அதிகம் தேடுவீர்கள். அதற்கு நேரான பதில்: யூஎஸ்பி மவுஸும் கீபோட்டும் இருந்தால் கொன்சோலின் யூஎஸ்பி துளையில் கொழுவுங்கள். இந்த விளையாட்டு ஏற்றுக்கொள்ளும். நாங்கள் வீடு கட்டுவது மவுஸால், குடும்பம் நடத்துவது கொன்ட்ரோலரால்.

கொன்ட்ரோலரால்தான் கட்டுவேன் என்றால், பழகுவதற்கு எங்கள் ஊர் நாற்சார் வீடு நல்லது. 30க்கு 20 கட்டம் உள்ள காணி ஒன்றை எடுங்கள். அறைக் கருவியால் ஒரு பெரிய நீள்சதுரம். அதன் நடுவில் முற்றத்துக்கு ஒரு சின்ன நீள்சதுரம். இப்போது நடு அறையைத் தெரிவு செய்து அதன் மேற்தளத்தை நீக்குங்கள், வானம் தெரியும். கூரையை ஒரே துண்டாகப் போட்டால் முற்றத்தையும் மூடிவிடும், அதனால் நாலு பக்கத்துக்கும் நாலு கூரை, எல்லாம் உள்ளே சரிந்தபடி. முற்றத்தைச் சுற்றியுள்ள சுவரைக் கழற்றித் தூண் வைத்தால் உள்விறாந்தை. வாசலில் திண்ணைக்குத் தரையைக் கொஞ்சம் உயர்த்துங்கள். பனையோலை வேலி கிடையாது. மர வேலியில் இருக்கிறதற்குள் பழசானதைத் தெரிவு செய்தோம்.

ஒன்று கவனம்: கொன்சோலில் ஒரு காணிக்குள் வைக்கக்கூடிய பொருள்களுக்கு வரம்பு உண்டு. மருமகள் முற்றத்தைச் சுற்றிச் செவ்வரத்தைக்குப் பதிலாக நூறு பூச்சாடி வைத்து, கடைசியில் கக்கூசுக்கு இடமில்லாமல் போனது. கட்டிலும் அடுப்பும் குளியலறையும் முதலில், பூ கடைசியில்.

காசு போதாவிட்டால் ஏமாற்றுக் குறியீடு. கொன்ட்ரோலரின் எல் 1, எல் 2, ஆர் 1, ஆர் 2 பொத்தான்கள் நாலையும் ஒரே நேரத்தில் அமத்திப் பிடித்தால் பெட்டி ஒன்று திறக்கும். மதர்லோட் (motherlode) என்று ஆங்கிலத்தில் அடித்தால் 50,000, கேச்சிங் (kaching) என்றால் 1,000. ஆனால் இதைச் செய்த சேவில் ட்ரோபி (சாதனைகளுக்குக் கொன்சோல் தருகிற பதக்கம்) இனிக் கிடைக்காது. ட்ரோபி சேர்க்கிற ஆள் என்றால் வீடு கட்டுகிற சேவ் ஒன்று, நேர்மையாக விளையாடுகிற சேவ் ஒன்று என்று பிரித்து வையுங்கள்.

சீலைக்குப் பதிலாக

இறக்கின சீலை போனதுதான் மருமகளுக்குப் பெரிய கவலை. கொன்சோலில் மொட் (வெளியாட்கள் செய்து சேர்க்கிற மாற்றங்கள்) எதுவும் ஓடாது, அதற்கு மாற்று வழியும் கிடையாது. விளையாட்டை வெளியிட்டவர்களே தருவதோடு சமாளிக்கவேண்டும். 2021 ஒக்டோபரில் வந்த ஃபேஷன் ஸ்ட்ரீட் கிட் என்கிற சின்னப் பொதியில் மும்பைத் தெரு உடுப்புகள் இருக்கின்றன. எங்கள் சீலை அல்ல, ஆனாலும் கண்ணுக்கு ஆறுதல்.

எனக்குக் கூடப் பிரயோசனப்பட்டது சீசன்ஸ் பொதி. கணினிக்கு 2018 யூனிலும் கொன்சோலுக்கு அதே வருசம் நவம்பரிலும் வந்தது. முன்பெல்லாம் கொன்சோல்காரர் இப்படிக் காத்திருக்கத்தான் வேண்டும். 2020 யூனில் வந்த ஈக்கோ லைஃப்ஸ்டைல் பொதியை இரண்டு பக்கத்துக்கும் ஒரே நாளில் விட்டார்கள். சீசன்ஸில் நாட்காட்டியைத் திறந்து உங்கள் திருநாளை நீங்களே உருவாக்கலாம். பெயர், அடையாளம், வேலைக்கும் பள்ளிக்கும் லீவா, அன்று என்னென்ன செய்யவேண்டும், எல்லாம் உங்கள் தெரிவு. தமிழில் இந்த விளையாட்டு இல்லை, ஆகவே பொங்கல் என்று ஆங்கில எழுத்தில் அடித்தோம். குளிர்காலத்தின் கடைசியில், லீவு நாளாக, பெரிய சாப்பாட்டோடு.

அந்தப் பொங்கலன்று ஹோலில் கூட்டம். சிம்ஸ் 4 இல் இரண்டு பேர் சேர்ந்து விளையாட வழியில்லை, ஆனால் ரீவி என்றபடியால் பார்க்கிறவர்களுக்கு வாய் சும்மா இராது. அம்மா கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக் கண்ணாடியை மாட்டினார். சிம் அடுப்படியில் நின்று எதையோ கிளறிக்கொண்டிருந்தது.

"பிள்ளை, அவள் முற்றத்தில பொங்காமல் குசினிக்குள்ள என்ன செய்யிறாள்?"

"அம்மம்மா, இதில அடுப்பை வெளியில வைக்கேலாது."

"ஏன் ஏலாது? முற்றம் கட்டிப்போட்டாய்தானே."

மருமகள் ஆட்டத்தை நிற்பாட்டினாள், கட்டும் பகுதிக்குப் போனாள், அடுப்பைத் தூக்கி முற்றத்தின் நடுவில் வைத்தாள். வைக்க முடிந்தது.